மண் ரோடு வேண்டும் என்றார்கள்

“மண் ரோடு இல்லையா தங்கச்சி” என்று திலீபன் மறுபடியும் கேட்கிறார். இருக்கு, ஆனா சுத்து என்று நானும் மறுபடியும் சொல்கிறேன். எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது, மினி பஸ்கூட வருகிறது, அதில் இவருக்கு என்ன குறை என்று தெரியவில்லை. “தார் ரோடு முடியுற இடத்துலதான் மக்களே நம்ம கதை ஆரம்பிக்குது” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்லிப் பார்க்கிறார், ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை தொண்டையைக் கனமாக்கி. அந்தத் தொண்டை எனக்குத் தெரியும். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எத்தனை வீடியோ பார்த்திருப்பேன். ஒற்றைக் கையால் பரோட்டா வீசுகிறவர், கண் தெரியாமலே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், வழி தப்பின ஆடுகளைக் குரல் கொடுத்தே திருப்பிக் கொண்டுவருகிற அக்கா, எல்லாரையும் இந்தத் தொண்டைதான் அறிமுகப்படுத்தியது. சேனல் பெயர் ஊர்க்கோடி. சாதாரண மனிதர்கள், அசாதாரணக் கதைகள். பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன், இப்போது நினைத்தால் அதுதான் எரிகிறது. அழுதுவிட்டு நானேதான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அண்ணா, எங்கம்மா பேரு பஞ்சவர்ணம், கரி மூட்டத்துல வேலை பாக்குறாங்க, எரியுற மூட்டத்துக்குள்ள விழுந்த முதலாளியை உள்ள இறங்கித் தூக்குனாங்க, எங்க ஊர்ல யாருமே அதைச் சொல்றதில்ல, நீங்க சொல்லுங்கண்ணா என்று. சொல்லத்தான் சொன்னேன். அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும், இவர் கேட்பார், நாலு பேர் பார்ப்பார்கள், ஊரும் பார்க்கும், அவ்வளவுதான் என் கணக்கு. இப்போது சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிக்கொண்டு இந்த வெள்ளைக் கார் போகிறது, பின் சீட்டில் நானும் ரெண்டு லைட்டும் ஒரு ஸ்டாண்டும், முன் சீட்டில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஆல்வின் என்கிற ஆள் கடலை மிட்டாய் தின்கிறார். கார் ஏசி கழுத்துப் பின்னால் குத்துகிறது. தங்கச்சி தங்கச்சி என்கிறார் திலீபன். என் பெயர் முனீஸ்வரி. பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னேன்.

கண்மாய்க்கரை வழி ஒன்று இருக்கிறது, டிராக்டர் போகிற தடம், ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம், ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக ஏறும். அதைக் காட்டியதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஆல்வின் புழுதியப் பாருடா புழுதிய என்கிறார். புழுதியை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற மனுஷனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் ஊரில் புழுதி பறந்தால் வண்டிக்காரனைத் திட்டுவார்கள். காருக்குள் தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஆனால் லேட் ஆகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு, ஏனென்றால் கொஞ்சம் முன்னாடி வந்த போன் இன்னும் காதிலேயே நிற்கிறது. சேதுபாண்டி முதலாளிதான் பேசினார், எங்கம்மா தூக்கிய அதே முதலாளி. திலீபன் ஸ்பீக்கரில் போட்டார். “தம்பி, மூட்டம் நல்லாப் புகைஞ்சுக்கிட்டு நிக்குது. பஞ்சவர்ணத்தை எந்தப் பக்கம் ஏறச் சொல்லணும்னு சொன்னீங்கன்னா ஏணியச் சாத்திருவேன்.” எனக்கு முதலில் புரியவே இல்லை. யார் ஏறுவது, எதற்கு ஏறுவது. “அதே பக்கம்தாங்கய்யா, நீங்க விழுந்தீங்கள்ல அந்தப் பக்கம்.” “விழுந்தேன்னு போடாதீங்க தம்பி. வழுக்குச்சுன்னு போடுங்க.” “சரிங்கய்யா.” “பொன்னாடை ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன், கடைசியில நானே போத்துறேன், அதையும் எடுத்துருங்க. அவ வந்து இங்க ரெடியா நிக்கிறா, காலையிலயே தலைக்குக் குளிச்சுப் பூ வச்சுக்கிட்டு கல்யாணப் பொண்ணு மாதிரி.” முதலாளி சிரித்தார், திலீபனும் சிரித்தார், ஆல்வின் சிரிக்கவில்லை, மிட்டாய் பல்லில் ஒட்டியிருக்கும். அம்மா ஏறுறாங்களா, எதுல ஏறுறாங்க என்று நான் கேட்டேன். “சும்மா ஒரு ஷாட்டுக்கும்மா. அன்னைக்கு எப்படிப் போனாங்களோ அப்படியே. பயப்படாத, அம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன், சந்தோசமா சரின்னாங்க.” சந்தோசமா சரின்னாங்க. எங்கம்மா எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நேற்றே பேசியிருக்கிறார்கள், அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை, நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்டுவிட்டு நல்லாத் தூங்குடின்னு சொன்னது. சொன்னால் கத்துவேன் என்று தெரியும்.

மூட்டத்தில் ஏறுவது என்றால் இவருக்கு என்ன தெரியும், மேடையில் ஏறுவது மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார். கருவேல விறகை வட்டமாக ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கி, தழை போட்டு மூடி, ஈர மண்ணை வைத்து மெழுகி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். காத்துப் புகாமல் அது உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் வெந்து கரியாக வேண்டும். மேலே மண் எங்கேயாவது வெடித்தால் போச்சு, எல்லாம் சாம்பல். அதனால் ஏறி அடைக்க வேண்டும். ஏறுகிறவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். ஏனென்றால் காலுக்குத்தான் தெரியும், சூடு எங்கே ஏறுகிறதோ அங்கே மண் மெலிந்திருக்கிறது, அங்கே மிதிக்கக்கூடாது. கண்ணால் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மண்தான். அன்றைக்கு முதலாளி செருப்போடு ஏறினார். ஏற வேண்டிய தேவையே இல்லை, யாரோ வியாபாரி வந்திருந்தான், அவனுக்குக் காட்ட ஏறினார். இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் இறங்கிவிட்டார். எல்லாரும் தண்ணி தண்ணி என்று கத்திக்கொண்டு கீழே ஓடினார்கள், அம்மா மட்டும் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு மேலே போய் அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கியது, தூக்கும்போது அம்மாவின் ரெண்டு காலும் முழங்கால் வரைக்கும் உள்ளே. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பிசிக்ஸ். அப்புறம் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவோடு கிடந்தேன், வார்டு வாசலில் பாய் விரித்து. பிளஸ் ஒன் அப்படியே நின்றது. திலீபன் அதையும் எழுதி வைத்திருக்கிறார், அம்மாவுக்காகப் படிப்பைத் தியாகம் செய்த மகள் என்று. தியாகமெல்லாம் கிடையாது, எனக்கு அந்தப் பிசிக்ஸ் ஏறவே இல்லை, திரும்பிப் போகச் சொல்லி அம்மா கெஞ்சியது, நான்தான் போகமாட்டேன் என்றேன், இதைச் சொன்னால் வேணாம் தங்கச்சி அது வேற டிராக் என்கிறார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மாசம் ஊரில் கிடா வெட்டினார்கள். முதலாளி பிழைத்ததற்கு அய்யனாருக்கு நேர்த்திக்கடன். சாமி கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுச்சுப்பா என்று முதலாளி வீட்டம்மா மைக்கில் அழுதது எங்கள் காலனி வரைக்கும் கேட்டது. சாமியாம். காலனிக்காரி கட்டிப்பிடித்துத் தூக்கினாள் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய்க்கும் வரவில்லை. எங்களுக்கு ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பு வந்தது. அம்மாவால் நடக்க முடியாது, அதனால் கொடுத்துவிட்டார்களாம், எவ்வளவு நல்ல மனசு. நான் வாளியோடு சாக்கடையில் ஊற்றப் போனேன். அம்மா பாயில் படுத்துக்கொண்டே “அடி கிறுக்கி, கறி நல்லா வெந்திருக்கு வாசத்துலயே தெரியுது, அந்தா ஈரல் மெதக்குது பாரு, கொண்டா இங்கிட்டு” என்றது. தின்றது. எனக்கும் ஊட்டியது. ஏம்மா போய்த் தூக்குன என்று கேட்டால் “முதலாளி வெந்து போயிட்டா சனிக்கிழமை சம்பளம் அய்யனாரா குடுப்பாரு” என்று சிரிக்கும். இந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது. நீ கோபப்படு, ஒரு தடவையாவது படு, நான் உனக்கும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு வயிறெல்லாம் புண்ணாகிறது.

கால். அம்மாவின் இடது கால். இதை நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். நரம்பு வெந்துபோச்சு, தோல் வரும், உணர்ச்சி வராது என்று டாக்டர் அப்போதே சொன்னார். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். கீழே உட்கார்ந்து கரி அள்ளி மூட்டை கட்டுகிற வேலைதான் இப்போது, மேலே ஏறமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியில் மயிர் பொசுங்குகிற மாதிரி ஒரு நாத்தம், என்னம்மா கருகுதுன்னு போய்ப் பார்த்தால் அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே கதை பேசிக்கொண்டிருக்கிறது, காலுக்கு அடியில் கங்கு. “அட, ஆமா” என்றது. அட ஆமா என்று மட்டும். அந்தக் காலோடு ஏறச் சொல்லியிருக்கிறார்கள், சூட்டைக் கால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத காலோடு. சொல்லிவிடலாம், சொன்னால் முதலாளி காதுக்குப் போகும், வேலை போகும், போகட்டும் மயிரு. “அண்ணா, அம்மாவை ஏற வைக்காதீங்க. அவங்களுக்கு இடது கால் மரத்துப்போச்சு. சூடு தெரியாது. எங்க மிதிக்கிறோம்னே தெரியாது, உள்ள போயிருவாங்க.” சொல்லிவிட்டேன். கார் மெதுவானது. ஆல்வின் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். திலீபன் கண்ணாடி வழியாகப் பார்த்தார், அவர் கண்ணில் ஏதோ நனைந்த மாதிரி இருந்தது. நல்ல மனுஷன்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நினைத்தேன். “இதை ஏன் தங்கச்சி முதல்லயே சொல்லல” என்றார். “இதுதான் கதையே.” ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டினார். “டேய் ஆல்வின், அந்தக் காலு க்ளோஸப்புல ஆரம்பிக்கிறோம். உணர்ச்சியற்ற ஒரு கால், மக்களே, ஆனா உணர்ச்சியுள்ள ஒரு இதயம். எப்படி இருக்கு?” ஆல்வின், “விட்ரு திலீப், ஏறுறது வேணாம், அந்தப் பொண்ணு சொல்லுதுல்ல” என்றார், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “நான் என்ன தீயிலயா தள்ளப் போறேன்? ரெண்டே எட்டு. நானும் கூடவே ஏறுறேன். அம்மாகிட்டயே கேப்போம், அவங்க வேணாம்னா வேணாம், ஓகேவா தங்கச்சி? அம்மா முடிவுதான்.” அம்மா முடிவாம். என்ன அழகாகப் பேசுகிறார். எங்கம்மா வேண்டாம் என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை, ரேஷன் கடையில் கல் கலந்த அரிசி போட்டாலும் சரிங்க, பஸ்சில் எழுந்திரு என்றாலும் சரிங்க. இந்தத் தம்பி இம்புட்டுத் தூரம் வந்திருக்கு, ஏறுனா என்ன தேய்ஞ்சா போயிருவேன் என்று சொல்லும், முதலாளி பொன்னாடையோடு நிற்கும்போது வேறு என்ன சொல்லும். பரோட்டா வீசுகிறவரை எத்தனை தடவை வீசச் சொன்னீர்கள், பஞ்சர் ஒட்டுகிறவரைக் கருப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னீர்களா, அந்த அக்கா நிஜமாகவே அன்றைக்கு ஆட்டைத் தொலைத்துவிட்டுத்தான் கத்தினாளா. வரும் வழியில் டீ குடிக்கும்போது சொன்னாரே, முதல்ல நல்லா சிரிக்க வைக்கணும் தங்கச்சி, அப்புறம் அழுகை தானா வரும் என்று. நானும் தலையை ஆட்டினேன், பெரிய தொழில் ரகசியம் கற்றுக்கொண்ட மாதிரி. அம்மாவுக்குப் போன் போட்டேன். இந்தப் பள்ளத்தில் டவர் இல்லை. போட்டேன், போட்டேன், ஒன்றுமில்லை.

கரை மேலே ஏறியதும் காரை நிறுத்திவிட்டார். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கிறது, எங்களுக்கு அது இந்த வருஷ விவசாயம் போச்சு, இவருக்கு அது “செம்ம ஃப்ரேம்டா”. ரெண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். ஆல்வின் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார், திலீபன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே, தார் ரோடு முடியுற இடத்துலதான் மக்களே. முடியவில்லை அய்யா, அந்தப் பக்கம் ஊர் வாசல் வரைக்கும் போகிறது, நீங்கள்தான் வேண்டாம் என்று சொன்னீர்கள். கார் கதவு திறந்தே கிடக்கிறது, வெயில் உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டது, சாவி அப்படியே தொங்குகிறது, அதில் ஒரு குட்டி கேமரா பொம்மை ஆடிக்கொண்டிருக்கிறது. அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போகவில்லை என்றால் ஏற வேண்டாம், அவ்வளவுதானே, கார் போகவில்லை என்றால் படம் இல்லை, படம் இல்லை என்றால் அம்மா பூவை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கையை நீட்டிப் பிடுங்கினேன், இறங்கினேன், கரைக்குக் கீழே கருவேலக் காட்டுக்குள் தோள்பட்டை கழலுகிற மாதிரி எறிந்தேன். சாவி வெயிலில் ஒரு தடவை மின்னியது, அப்புறம் முள்ளுக்குள் போனதுகூடக் கேட்கவில்லை. திலீபன் திரும்பிப் பார்த்தார். “ஏய்! என்ன எறிஞ்ச? ஏய், சாவியா? லூசா நீ?” தங்கச்சி போய்விட்டது பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் போய்விட்டது, எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. “ஆமா லூசுதான். எங்கம்மா ஏறமாட்டா. வீட்டு வாசல்ல ஒக்காந்து பேசச் சொல்லுங்க, பேசுவா. ஏறமாட்டா.” “வண்டி என்னோடதுன்னா நெனச்ச, வாடகை வண்டி, ஒத்தச் சாவிதான் இருக்கு!” அவர் சரிவில் இறங்கி முள்ளை விலக்கிக்கொண்டு போகிறார், சட்டை கிழிகிறது, கெட்ட வார்த்தை ஒன்று சொல்கிறார், நல்லா வேண்டும், கிழியட்டும். ஆல்வின் கேமராவை இறக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதுவரைக்கும் எனக்கு இவ்வளவு நிம்மதியாக மூச்சு வந்ததே இல்லை. அப்போதுதான் என் போன் அடித்தது, கரை மேலே டவர் இருக்கும்போல. அம்மா. “எங்கடி இருக்கீக? நானும் ரொம்ப நேரமா நிக்கிறேன்.” வரலம்மா, வண்டி கெட்டுப்போச்சு, நீ வீட்டுக்குப் போ, யாரு வந்து சொன்னாலும் மேல ஏறாத என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா சிரித்தது. “அடப் போடி, அதெல்லாம் ஏறிப் பாத்துட்டேன். நீங்க வர லேட்டாகுதேன்னு, அந்தத் தம்பி முன்னாடி தடுமாறக் கூடாதுல்ல, ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ ஏறி எறங்கிட்டேன். நீதான் பயந்து சாகுற. இடது காலை ஊனி ஊனித்தான் ஏறுனேன், ஒண்ணுமே சுடலடி.” கரையில் வெயில் அப்படியே நின்றது. ஒண்ணுமே சுடல. அம்மா, அங்க யாரு இருக்கா? “யாருமில்ல, முதலாளி சாயல்குடிக்குப் போயிருக்காரு, மத்ததுக சோத்துக்குப் போயிருக்குதுக. நான் மட்டுந்தான் ஏணிக்கிட்ட ஒக்காந்திருக்கேன். ஏணிப் படியில என்னமோ பிசுபிசுன்னு கையில ஒட்டுது, மண்ணை ரொம்ப நனைச்சுப்புட்டாய்ங்கபோல.” காலைப் பாரும்மா. “என்னத்த?” உள்ளங்காலைத் திருப்பிப் பாரு, பாருன்னு சொல்றேன்ல, பாரு. “ஏண்டி கத்துற, இரு, பாக்குறேன்.” வளையல் சத்தம். போனைத் தரையில் வைக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அம்மா. அம்மா. ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும், இந்தப் பக்கம் வராமல் தார் ரோட்டிலேயே போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம், மண் ரோடு கேட்டது அவர், காட்டியது நான், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும், பக்கத்தில் இருக்கிற ஒரே வண்டி இதுதான், சாவி முள்ளுக்குள். போன் இன்னும் காதில் இருக்கிறது, அம்மாவின் மூச்சு தூரத்தில் கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. நான் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்குகிறேன். “எந்தப் பக்கம்டி எறிஞ்ச” என்று திலீபன் கத்துகிறார், தெரியல, தெரியலண்ணா, அந்தா அந்த மரத்துக்குப் பின்னால, தேடுங்க, தேடுங்கண்ணா, பேசாம தேடுங்க. ஆல்வினும் கேமராவை மண்ணில் வைத்துவிட்டு இறங்குகிறார். மூன்று பேரும் மண்டி போட்டுத் துழாவுகிறோம். கருவேல முள் உள்ளங்கையில் ஏறுகிறது, முழங்காலில் ஏறுகிறது, ஒவ்வொரு முள்ளும், ஒன்று விடாமல் ஒவ்வொன்றும் எனக்குக் குத்துகிறது.